பிள்ளை கையில் போன்: முதல் மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

என் போனுக்கு நான் போட்ட முதல் பூட்டு பத்து நாள் தாங்கவில்லை. கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு அது. ஒரு சாயங்காலம் வடை சுட்டுக்கொண்டே யாருக்கோ பதில் அனுப்பிவிட்டு, போனை அடுக்களைத் திண்டில் வைத்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். என் எண்ணெய் விரல் போன தடம் கண்ணாடியில் அப்படியே இருந்தது. அதன் மேலேயே விரலை இழுத்தான், திறந்துவிட்டது. ராத்திரி பார்க்கிறேன், எங்கள் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் ஒரு குரல்பதிவு கிடக்கிறது: "எங்கம்மா வடை சுடுதா, அப்புறம் பேசுவா." தலைமையாசிரியர் அதற்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் அம்மாமார் என்னிடம் கேட்பது ரெண்டே கேள்வி. "போன் கொடுக்கலாமா டீச்சர்?" என்பது ஒன்று. கொடுத்த பிறகுதான் கேட்பார்கள், அது வேறு விஷயம். "எந்த ஆப் போட்டா பூட்டலாம்?" என்பது இன்னொன்று. பூட்ட வேண்டியதைப் பூட்டுவோம், அதற்கு இருபது நிமிடம் போதும். மீதி மாதம் முழுக்க நான் சொல்லிக்கொடுக்கச் சொல்வது ஒரே ஒரு பழக்கத்தை: எடுத்த காரியம் முடிந்ததும் பிள்ளை தன் கையாலேயே போனைக் கீழே வைப்பது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் போனைத் தயார் பண்ணுங்கள்

நம் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்கென்று தனி போன் பெரும்பாலும் கிடையாது. அம்மாவின் ஆண்ட்ராய்டு போன்தான் சுற்றி வரும். வங்கிக் கணக்கு, ஜிபே, குடும்பப் படங்கள், வளைகுடாவில் இருக்கும் அப்பாவின் அழைப்பு எல்லாம் அதற்குள்தான். எனவே முழுப் போனையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு ஆப்பை மட்டும் கொடுக்க வழி இருக்கிறது.

செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'பின்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆப் பின்னிங், ஸ்கிரீன் பின்னிங், பின் விண்டோஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் வரும். அதை ஆன் செய்துவிட்டு, வெளியே வரும்போது பூட்டு எண்ணைக் கேட்கும் ஸ்விட்ச்சையும் ஆன் செய்யுங்கள். பிறகு பிள்ளைக்கு வேண்டிய ஆப்பைத் திறந்து, சற்று முன் திறந்த ஆப்கள் வரிசையாக நிற்குமே, அந்தத் திரைக்குப் போங்கள். ஆப்பின் சின்னத்தைத் தொட்டால் 'பின்' என்று ஒரு வரி வரும். அதை அழுத்திவிட்டுக் கொடுத்தால் பிள்ளை அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. ஆசிரியர் குழுவில் குரல்பதிவும் விழாது.

கோட்டுப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண்ணை வையுங்கள். காரணம் மேலே சொன்ன வடைதான்.

அப்புறம் ப்ளே ஸ்டோர். வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குள் போனால், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்லும் வசதி இருக்கும். அதை 'எப்போதும்' என்று வைத்துவிடுங்கள். யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைத் தொட்டால் அதன் மேல்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் தெரியும். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓடவிடுகிற ஆட்டோபிளே அதுதான், அணைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் என்ற தனி ஆப்பே நல்லது. கருத்துப் பகுதி அதில் கிடையாது, நேரம் வைத்துப் பூட்டவும் முடியும், நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படியும் வைக்கலாம்.

பிள்ளைக்கென்று தனி டேப் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க்கைப் போடுங்கள். பிள்ளையின் பெயரில் ஒரு கணக்குத் திறந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு மேல் திறக்கக் கூடாது, எந்த ஆப்பை இறக்கலாம் என்பதெல்லாம் உங்கள் போனிலிருந்தே முடிவாகும். இன்ஸ்டாகிராம் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுக்கிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எங்கே, எப்போது

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. போன் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும், நாலு பேர் நடமாடும் இடத்தில். சாப்பிடும்போதும், படுக்கையிலும், சார்ஜில் கிடக்கும்போதும் தொடக் கூடாது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதன் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. இதில் டிவியும் சேர்த்தி. ஆச்சியோடு உட்கார்ந்து ரெண்டு சீரியல் பார்த்தாலே பாதி போய்விட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணை எடுத்து 20 அடி தூரத்தில் எதையாவது 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். 20 அடி என்றால் நம் திண்ணையிலிருந்து எதிர்வீட்டு வாசல். பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடி விளையாடுகிற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு.

இலையை மூடப் பழக்குவது

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் இலையை நாம்தான் மூடுகிறோம். பாதிச் சாப்பாட்டில் யாராவது வந்து இலையை உருவினால் எப்படி இருக்கும்? ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் நடுவில் போனைப் பிடுங்கும்போது பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஷார்ட்ஸும் ரீல்ஸும் எதிர்க்கோடி. இலையை மூட விடாமல் மேலும் மேலும் போட்டுக்கொண்டே போகிற பரிமாறுபவர் மாதிரி. அதில் முடிவு என்று ஓர் இடமே இல்லை, பெரியவர்களே மூடத் தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இந்த வயதில் அவை ரெண்டும் வேண்டாம்.

முதல் வாரம் இப்படிச் செய்து பாருங்கள். போனை எடுக்கும் முன்பு, "எதுக்கு எடுக்கே?" என்று கேளுங்கள். பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்: "ரெண்டு டைனோசர் வீடியோ." சரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் என்பது என்னவென்றே தெரியாது, 'ரெண்டு' என்பது தெரியும். ஆட்டோபிளேயை அணைத்திருப்பதால் இரண்டாவது முடிந்ததும் திரை சும்மா நிற்கும். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். "முடிஞ்சிட்டா? பட்டனை நீயே அமுக்கு, கொண்டுபோய் வை" என்று மட்டும் சொல்லுங்கள். கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டுப் பட்டனைப் பிள்ளையின் விரல் அமுக்க வேண்டும், அலமாரித் தட்டுவரை பிள்ளையின் கால் நடக்க வேண்டும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பத்துத் தடவை செய்த பிறகு, பதினோராவது தடவை நீங்கள் அடுக்களையில் இருக்கும்போதே போன் தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்கும்.

விளையாட்டு என்றால் நேரத்தைவிட ஆட்டத்தைச் சொல்லுங்கள்: "இந்த ஆட்டம் முடிஞ்சதும்." முடிகிற ஆட்டங்களாகப் பார்த்து இறக்குங்கள். முடியவே முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்டமும் ஷார்ட்ஸ் மாதிரிதான்.

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் டைமரைத் தாங்களே வைக்கலாம். மணி அடிக்கும்போது திட்டுவது போன், அம்மா இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிய நிம்மதி.

பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்யலாம்

பார்ப்பது மட்டும்தான் போன் என்று பிள்ளை நினைத்துவிடாமல் இருக்க, முதல் மாதத்தில் வேறு ரெண்டு மூன்று உபயோகங்களைக் காட்டிவிடுங்கள். பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கும் க்யூஆர் குறியை தீக்‌ஷா என்ற அரசுப் பாட ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். எது வேலைக்கு, எது பொழுதுபோக்குக்கு என்று பிள்ளை பிரித்துப் பார்க்க இது நல்ல தொடக்கம்.

குரலில் கேட்கவும் பழக்குங்கள். ஒரு நாள் நாலாம் வகுப்பில், "தாமிரபரணி எங்க கடல்ல சேருது?" என்று போனிடம் கேட்கச் சொன்னேன். நம் ஊர்ப் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை, மூன்றாம் தடவைதான் புரிந்துகொண்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் என்று பதில் வந்தது. "இது சரியான்னு யார்ட்ட கேக்கலாம்?" என்றேன். ஒருத்தி புத்தகம் என்றாள். இன்னொருத்தி, "எங்க ஆச்சி பொறந்த ஊரு ஆத்தூரு, அவகிட்ட கேக்கேன்" என்றாள். மறுநாள் பதிலோடு வந்தாள்: ஆமாம், ஆத்தூரைத் தாண்டித்தான். போன் சொன்னதை இன்னொரு இடத்திலும் கேட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது. ஏஐ ஆப்களிடம் கேட்டாலும் இதே முறைதான். அவை பிசிறில்லாமல் பேசும், தப்பையும் அதே தோரணையில் சொல்லும்.

எனக்குப் பிடித்த வேலை, ஆச்சியின் கதையைப் பதிவு செய்வது. ரெக்கார்டர் எல்லாப் போனிலும் இருக்கும். ஆனால் முதலில் பிள்ளை, "ஆச்சி, ஒங்க கதையை எடுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். ஆச்சி வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். எடுத்த பிறகு யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டும். கேட்காமல் ஒருவரைப் படம் எடுக்கக் கூடாது, கேட்காமல் அனுப்பக் கூடாது என்பதை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் நாரையையும் கூழைக்கடாவையும் கேட்காமலே எடுக்கலாம், கிட்டே மட்டும் போகக் கூடாது.

ஆச்சிக்கு வரும் ஓடிபி

பாதுகாப்பு என்றதும் பிள்ளையை ஏமாற்றுகிறவர்களைத்தான் நினைக்கிறோம். நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. ஆச்சிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, அம்மா வேலைக்குப் போயிருப்பாள். போனில் எது வந்தாலும் படித்துச் சொல்வது நாலாம் வகுப்புப் பேத்திதான். கேஸ் சிலிண்டருக்கு வரும் எண், வங்கியிலிருந்து வரும் எண் எல்லாமே அவள் வாயால்தான். அந்த வீட்டுக்கே அவள்தான் எழுத்தர். அப்படியானால் ஓடிபி, அதாவது ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் ரகசிய எண், என்றால் என்னவென்று அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

நான் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு செய்தியைத் திறந்து எண்ணை மட்டும் படிக்காமல் முழுதும் படிக்கச் சொல்வேன். எதற்காக வந்த எண், எவ்வளவு பணம் என்று அதிலேயே இருக்கும். யாருக்கும் சொல்லாதே என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் இருக்கும். அந்த மூன்று இடத்தையும் பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு ஒரு நாடகம். நான் வங்கி ஆள் மாதிரிக் குரலை மாற்றி, "பாப்பா, ஆச்சி போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா" என்பேன். "சொல்ல மாட்டேன், எங்கம்மா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பெரியவர்கள் பேசும்போது போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறோம் இல்லையா, அதனால் இந்த இடத்தில் பிள்ளை தயங்கும். "இந்த ஒரு விஷயத்துக்கு வச்சிரலாம், நான் திட்ட மாட்டேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேஸ் கொண்டுவருகிறவர் மட்டும் விதிவிலக்கு. வாசலில் சிலிண்டரோடு நிற்பவரிடம், ஆச்சி பக்கத்தில் இருக்கும்போது, அந்த எண்ணைச் சொல்லலாம். போனில் கேட்டால் அதையும் சொல்லக் கூடாது.

யூபிஐ பின் பற்றி ஒன்று போதும்: பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. 'பணம் வருது, பின்னைப் போடு' என்று யார் சொன்னாலும் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. எனக்குத் தெரிந்த சில பெரியவர்களுக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

இதோடு பள்ளியின் பெயர், வீட்டு விலாசம், அப்பா ஊரில் இல்லை என்ற விஷயம், யூனிஃபார்ம் போட்ட படம், இவற்றை முகம் தெரியாதவர்களிடம் சொல்லவோ அனுப்பவோ கூடாது.

பஸ் போர்டைப் படி

2023 டிசம்பர் வெள்ளம் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தச் சமயத்தில் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் என்று எழுதியிருந்தது. தண்ணீருக்குள் ஒரு பஸ் நின்றது. எல்லாரும் பதறினோம். என் மகன்தான் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தமிழ் இல்ல" என்றான். போர்டில் இருந்தது மலையாளம்.

அன்றிலிருந்து வகுப்பில் இது ஒரு விளையாட்டு. சந்தேகமான வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, எழுத்துகளைத் தேடு: பஸ் போர்டு, கடைப் பலகை, வண்டி நம்பர். நம் மாநில வண்டி என்றால் நம்பர் TN என்று தொடங்கும். பேசுகிறவர்களின் பேச்சைக் கேள், நம் ஊர்ப் பேச்சா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம். தெரியவில்லை என்றால் அனுப்பாதே, அவ்வளவுதான்.

பயந்தால் கவிழ்த்து வை

எவ்வளவு பூட்டினாலும் என்றைக்காவது ஒரு நாள் பார்க்கக் கூடாதது திரையில் வரும். அப்போது என்ன செய்வது என்று முன்பே பழக்குங்கள்: போனைக் கவிழ்த்து வை, எழுந்து வா, சொல். ரெண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். பிள்ளை வந்து சொல்லும்போது, "நீ எதுக்கு அங்க போன?" என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அடுத்த முறை வர மாட்டான். நான் ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டு, பிறகு அவன் மறுபடி என்னிடம் வந்து சொல்ல நாலு மாதம் ஆனது.

யாராவது பிள்ளையை மிரட்டினாலோ தொந்தரவு செய்தாலோ 1098 குழந்தைகள் உதவி எண். பணம் போய்விட்டால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. ரெண்டையும் காலண்டரில் எழுதி மாட்டிவிடுங்கள்.

கை வேலையாக இருக்கும்போது

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களிடம் போய், "பக்கத்தில் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. மடியில் தட்டு, ரெண்டு கையும் இலையிலும் தூளிலும். எண்ணிக்கை முடியாமல் எழுந்திருக்க முடியாது. பிள்ளை நச்சரித்தால் போனை நீட்டாமல் வேறு என்ன செய்வாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆச்சியின் கதைப் பதிவுகள் ஏழெட்டு சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றை ஓடவிட்டுப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். அம்மாவும் கேட்கிறாள், பிள்ளையும் கேட்கிறாள். கண்ணுக்கு வேலை இல்லை, பிள்ளையின் கை சும்மா இருப்பதால் நூலை எடுத்துக் கொடுப்பது, தாயம் போடுவது என்று ஏதாவது நடக்கிறது. கதையில் ராஜாவுக்கு என்ன ஆனது என்று நடுவில் நிறுத்திக் கேட்டுக்கொள்கிறார்கள். வானொலியும் இதற்கு ஆகும்.

அழுதால்

அழுவார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள். முதல் ரெண்டு நாள் புது விளையாட்டு மாதிரி இருக்கும், மூன்றாம் நாள்தான் இது நிஜம் என்று தெரியும். தரையில் புரண்டால் புரளட்டும். பக்கத்தில் இருங்கள், பேச்சை வளர்க்காதீர்கள், அன்றைக்கு மட்டும் போனை மறுபடி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தரம் கொடுத்தால் எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்ற கணக்கைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். விருந்தாளி வந்திருக்கும் நாளாகப் பார்த்து அழுகிற கெட்டிக்காரர்களும் உண்டு.

முக்கியமாக ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "எய்யா, அழாத, இந்தா" என்று முந்தானையிலிருந்து போனை எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அவர்தான்.